ஊர் மெச்ச ஒரு வெள்ளி விழா

1

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தைத் தாண்டியதும் என் முகத்தை நானே அண்ணாந்து பார்த்தேன். ஒரு மாடி உயரம் இருந்தது. கன்னத்தில் நான் ஜென்மத்தில் பூசாத சிவப்பு. கழுத்தில் யாருடையதோ வைர அட்டிகையைக் கணினியில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் என் கணவர் தயாளன், கோட்டு சூட்டில், கறுப்புக் கண்ணாடியோடு. அவர் தலைக்கு மேலே 'ஜெர்மனி தொழிலதிபர்'. என் தலைக்கு மேலே 'ஜெர்மனி மருத்துவர்'. நடுவில் தங்க எழுத்தில் 'வெள்ளி விழாக் காணும் எங்கள் அக்கா மாமா'. கீழே, எங்கள் இருவர் முகத்தையும் சேர்த்தாலும் ஈடாகாத அளவில் இன்னொரு முகம் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தது. என் தம்பி முனிரத்தினம்.

அந்த முகத்தின் சொந்தக்காரன்தான் எங்களை விமான நிலையத்திலிருந்து காரில் அழைத்து வந்துகொண்டிருந்தான். பேனர் வந்ததும் வண்டியை மெதுவாக்கி, நாங்கள் பார்த்துவிட்டோமா என்று கண்ணாடியில் பார்த்தான்.

தயாளன் தொழிலதிபர் இல்லை. ஷ்டுட்கார்ட் பக்கம் ஒரு சிற்றூரில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிற ஃபிட்டர். நான் மருத்துவர் இல்லை. முதியோர் இல்லத்தில் வயசானவர்களைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, படுக்கை விரிப்பு மாற்றுகிறவள். இதில் எங்களுக்கு ஒரு வெட்கமும் இல்லை. வெட்கமெல்லாம் ரத்தினத்துக்குத்தான் போலிருக்கிறது.

பின்சீட்டில் எங்கள் மகள் இனியா எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவளுக்குப் பதினெட்டு வயது. தமிழ் பேசுவாள், படிப்பது இன்னும் தவழ்கிற கட்டம்தான்.

"அம்மா, வெள்ளி விழான்னா வெள்ளிக்கிழமையா? ஆனா கீழ ஞாயிறுன்னு போட்டிருக்கே?"

"வெள்ளின்னா சில்வர்டா கண்ணு," என்றான் ரத்தினம். "உங்கம்மா அப்பாவுக்கு கல்யாணமாயி இருவத்தஞ்சி வருசம். ஞாயித்துக்கெயம மண்டபத்துல வெச்சிகீறேன். ஊரே வந்துகினு கீது."

"யாரக் கேட்டு வெச்ச?" என்றேன்.

"இன்னாக்கா இப்டி கேக்கற? சர்ப்ரைஸ்!"

"மாமா, நிறுத்துங்க, போட்டோ எடுக்கணும்," என்று இனியா கத்தினாள். அவள் கூசிப்போவாள் என்று நினைத்திருந்தேன். அவளோ இறங்கி ஓடி, என் பிரம்மாண்டமான சிவப்புக் கன்னத்துக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டாள். மாமனும் மருமகளும் தோளில் கை போட்டுக்கொண்டு ஒரு படம். தயாளன் காருக்குள்ளேயே தலையைக் குனிந்துகொண்டார். தொழிலதிபர் தன் ரப்பர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2

வெளிநாடு என்றால் உங்கள் மனசில் என்ன படம் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். நானும் அதே படத்தோடுதான் போனேன். போய் இறங்கிய வாரம், எங்கள் வீட்டுக் கதவில் ஒரு மரப்பலகை தொங்கிக்கொண்டிருந்தது. ஏதோ வரவேற்பு என்று நினைத்து, அதற்கு ஒரு பூச்சரம்கூடப் போட்டேன். அந்த வாரம் மாடிப்படியையும் வாசலையும் கூட்டித் துடைக்க வேண்டியது எங்கள் முறை என்பதற்கான பலகை அது. அந்த மூன்று மாடிக் கட்டடத்தின் சொந்தக்காரி எதிர்வீட்டில்தான் இருந்தாள். அவள் முறை வந்தபோது முட்டி போட்டுத் துடைத்தாள். அவளுடைய காலுறையில் குதிகால் பக்கம் வேறு நிற நூலால் தைத்திருந்தது.

அந்தப் பக்கத்து ஜெர்மானியர்கள் அப்படித்தான். இருப்பதைக் காட்டுவதை அசிங்கமாக நினைக்கிறவர்கள். அவர்களை நான் ரொம்பவும் புகழ்ந்துவிட மாட்டேன். ஒரு மதியம் அவர்கள் வீட்டுக்குப் போனால் ஒரு வாழைப்பழத்தை மூன்றாக நறுக்கி வைப்பார்கள். ஆனால், எனக்கு அங்கே மூச்சு விட முடிந்தது. நான் எந்தச் சேலை கட்டினேன், கழுத்தில் என்ன போட்டேன் என்று ஒரு ஜீவன் பார்க்கவில்லை.

வாழ்ந்த விதத்தைச் சொல்கிறேன். கார் வாங்கவில்லை, சைக்கிளும் ரயிலும் போதும். துணியை நிலவறையில் கொடி கட்டிக் காயவைத்தோம். காலி பாட்டில்களைக் கடையில் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கினோம். மதியச் சாப்பாடு வெளியே சாப்பிட்டது கிடையாது. அங்கே உள்ள தமிழ்க் குடும்பங்கள் எங்களைப் பற்றி என்ன பேசின என்பதும் தெரியும். பொங்கல் விழாவுக்கு அவர்கள் பளபளக்கிற கார்களில் வந்து இறங்குவார்கள், எல்லாம் தவணை. நாங்கள் டிபன் கேரியரோடு டிராமிலிருந்து இறங்குவோம். "தயாளன் சார் இயற்கை ஆர்வலர்" என்று ஒருத்தர் கிண்டல் பண்ணினார். அவர் இன்றைக்கும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் பெயரை ஒழுங்காக எழுதவைக்கவே பல வருடங்கள் ஆயின. 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் எழுத எங்களிடம் ஒன்றுமில்லை. அங்கே வேலை பார்த்த அம்மாள் எழுந்து போய் மேலதிகாரியைக் கேட்டு வந்து, என் கணவர் பெயரை எனக்குக் குடும்பப் பெயராக்கினாள். கணவருக்கு அவருடைய அப்பா பெயர். மகளுக்கு எது என்பதில் இரண்டு கடிதமும் ஒரு கோபமும் நடந்தன. ஆனால், வீட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போனபோது அங்கிருந்தவன் எங்கள் கணக்கைப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் எழுந்து கை குலுக்கினான். வேறு எந்தக் கடனும் இல்லாத ஆட்களை அவன் அதிகம் பார்த்ததில்லை போல. அந்த வீடு இப்போது எங்களுடையது. கீழ்த்தளத்தில் இன்னொரு சின்ன வீடும் எங்களுடையது. அதை வாடகைக்கு விட்டிருக்கிறோம். இது ரத்தினத்துக்குத் தெரியாது. தெரிந்தால் பேனரில் இன்னொரு வரி ஏறியிருக்கும்.

இதற்கெல்லாம் விலை கொடுத்தவள் தான்தான் என்று இனியா சொல்வாள். ஒன்பதாவது படிக்கும்போது பழைய துணிக் கடையில் அவளுக்கு ஒரு குளிர்காலக் கோட்டு வாங்கினேன். நல்ல கோட்டு. அது அவளுடைய வகுப்புப் பெண் ஒருத்தி போட்டுக் கழித்தது என்பது பள்ளிக்கூடத்தில் போய்த்தான் தெரிந்தது. காலர் உள்பக்கம் அந்தப் பெண்ணின் பெயர் தைத்திருந்தது. இனியா அன்றைக்கு அழுதுகொண்டே வந்தாள். "கோட்டு குளிருக்கா, பேருக்கா?" என்று கேட்டேன். அவள் என்னைக் 'கைட்சிக்' என்றாள். கஞ்சம் என்று அர்த்தம். நான் 'ஷ்பார்சாம்' என்று திருத்தினேன். அது சிக்கனம். உச்சரிப்பு தப்பு என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

3

ரத்தினத்துக்கு அப்பா விட்டுப் போனது ரோட்டோர நிலம். பெருநகர் கிராமத்துக்குப் போகிற பாதையில், ஏரிப் பாசனத்தில், நெல்லும் வேர்க்கடலையுமாக விளைந்த பூமி. ரோடு அகலமானதும் மனை போடுகிறவர்கள் வந்தார்கள். ரத்தினம் துண்டு துண்டாக விற்றான். முதல் துண்டில் வீடு கட்டினான். இரண்டாவது துண்டில் அந்த வீட்டின் முகப்புக்கு நான்கு வெள்ளைத் தூண் வைத்தான். தட்டினால் டொப் டொப்பென்று கேட்கும், உள்ளே காலி. மூன்றாவது துண்டு, அதாவது கடைசித் துண்டு, இந்தக் காருக்கு முன்பணமாகப் போனது. மீதி தவணை.

உழைக்கத் தெரியாதவன் இல்லை. நெல் வியாபாரம் செய்கிறான், அறுப்பு இயந்திரம் வாடகைக்குப் பேசிவிடுகிறான். வருகிற காசு வந்த வேகத்தில் வெள்ளைச் சட்டையாகவும் வரவேற்பு வளைவாகவும் மாறிவிடும். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் மேடையில் ஏறி மாலை போடாமல் வர மாட்டான். அவன் மனைவி ரேவதி செய்யாறு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வருவாள். ஊரில் கேட்டால், "சூப்பர்வைசரா கீது," என்பான் ரத்தினம்.

ரேவதியைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இருந்ததில்லை. ஒவ்வொரு விசேஷத்துப் படத்திலும் கழுத்து நிறைய ஹாரமும் பளபளக்கிற பட்டுமாக, அவனுக்குப் பொருத்தமான ஜோடியாக நின்றிருப்பாள். அதிகம் பேச மாட்டாள்.

வீட்டுக்கு வந்து காப்பி குடித்ததும் சண்டையை ஆரம்பித்தேன்.

"ரத்தினம், இந்த கூத்து வேணாம். மண்டபத்த கேன்சல் பண்ணு."

"அக்கா, சமையலுக்கு சொல்லியாச்சி. டிரோன்காரனுக்கு சொல்லியாச்சி. செண்டை மேளம் கேரளாலர்ந்து வருது."

"துட்டு யாரு குடுக்கறது?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "மொய் வரும்க்கா. இத்தினி வருசம் நான் எத்தினி பேருக்கு செஞ்சிகீறேன்? எனக்கு ஒரு விசேஷம் எங்க வந்துது? எம் புள்ள இன்னும் சின்னவன். பத்து வருசம் காத்துகினு கெடக்க முடியுமா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் கல்யாண நாள் அவனுக்குக் கிடைத்த ஒரு சாக்கு. என் தாலியை வைத்து அவன் கடன் அடைக்கப் பார்க்கிறான்.

"நான் மேட ஏற மாட்டேன்," என்றேன்.

ஓட்டெடுப்பில் தோற்றேன். இனியாவுக்கு விழா வேண்டும். மாமா அவளுக்கு லெஹங்கா எடுத்து வைத்திருந்தான். தயாளன், "பத்திரிகை குடுத்துட்டான். விடும்மா, ஒரு நாள்தானே," என்றார். இருபத்தைந்து வருடமாக அவர் எல்லாவற்றுக்கும் சொல்கிற பதில் அது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரத்தினம் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தாலிச் சரடும் மெல்லிசாக ஒரு சங்கிலியும்தான் அதில் இருந்தன.

"இன்னாக்கா இது, கயுத்து வெறிச்சின்னு கீது. மேடைல நின்னா பாக்கறவன் இன்னா சொல்வான்? ஜெர்மனில சோத்துக்கே பேஜார் போலகீதுன்னு நெனைப்பான். ரேவதி ஹாரத்த போட்டுக்க."

ரேவதி சட்டென்று திரும்பினாள். "அண்ணிக்கு அது எடுக்காது. விடுங்க."

கொடுக்க மனசில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

4

சனிக்கிழமை ரேவதிக்கு அரை நாள் வேலை இருந்தது; போய்விட்டாள். தையற்கடையில் ரவிக்கை வாங்க வேண்டும் என்று நான் ரத்தினத்தோடு காரில் உத்திரமேரூர் போனேன். அவன் தையற்கடைக்குப் போவதற்கு முன்னால் பஜாரில் ஓர் அடகுக் கடை வாசலில் நிறுத்தினான்.

"சமையல்காரன் பாதி பணம் இன்னிக்கே கேக்கறான். ரெண்டே நாளு. திங்கக்கெயம மொய்ப் பணத்துல மூட்டுடுவேன். ரேவதிகிட்ட சொல்லாத."

பனியனுக்குள்ளிருந்து ஒரு கைக்குட்டை மூட்டையை எடுத்தான். ரேவதியின் ஹாரம்.

"கேட்டியா அவள?"

"கேட்டா குடுக்க மாட்டா. அவங்கம்மா போட்டதுன்னு மூணு வருசமா தொடவே வுட மாட்றா."

நான் இறங்கிக் கூடவே போனேன். தடுக்கத்தான் போனேன் என்று சொல்ல விருப்பம்; உண்மையில் வேடிக்கை பார்க்கப் போனேன். உள்ளே எங்கள் ஊர்க்காரர் ஏகாம்பரம் மோதிரம் மீட்க உட்கார்ந்திருந்தார். ரத்தினம் அவரைப் பார்த்ததும் நெஞ்சை நிமிர்த்தி, "நாளைக்கி குடும்பத்தோட வந்துடணும்," என்று மறுபடி அழைப்பு வைத்தான். பிறகு ஹாரத்தை மேசையில் பொத்தென்று போட்டான்.

கடைக்காரர் உரசினார். ஒரு சொட்டு ஆசிட் விட்டார். இன்னோர் இடத்தில் உரசினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணே, செத்த உள்ள வரீங்களா?"

"இன்னாத்துக்கு உள்ள? இங்கயே சொல்லுபா. எத்தினி தேறும்?"

"இல்லண்ணே, உள்ள வந்தீங்கன்னா…"

"அட, சொல்லுய்யா!"

"இது கவரிங்ணே."

ஏகாம்பரம் தன் மோதிரத்தை மறந்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார். என் தம்பியின் காது நுனி சிவந்ததைப் பார்த்தேன். பிறகு, நம்ப மாட்டீர்கள், அவன் சிரித்தான். வாய் விட்டு, தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"அடச்சே, மாத்தி எடுத்துகினு வன்ட்டேன்! ஊட்ல ரெண்டு கீது. இது சும்மா பஸ்ல போவ வர போட்டுக்கறது. ஒரே மாறி செய்யச் சொன்னது தப்பா பூட்ச்சி!"

காரில் ஏறிய பிறகு வெகுநேரம் சாவியைப் போடவே இல்லை. "அக்கா, அவன் மாத்திட்டானோ?" என்றான்.

"நம்ம கண்ணு எதுர்லதானடா உரசினான்?"

அவன் கண்ணாடியைப் பார்த்துத் தலையை வாரிக்கொண்டான். அதற்குப் பிறகுதான் வண்டியை எடுத்தான்.

5

ரேவதி மதியம் வந்தபோது வீடு முழுக்க ஆட்கள். பந்தலில் தோரணம் கட்டுகிறவர்கள், விளக்குச் சரம் மாட்டுகிறவர்கள், சும்மா சாப்பிட வந்தவர்கள். ரத்தினம் அவளை அறைக்குள் அழைத்து, என்னையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினான். அதனால் என் வாழ்நாளின் மிகப் பெரிய சண்டையை நான் கிசுகிசுப்பிலேயே கேட்டேன்.

"ஹாரம் எங்கடி?"

ரேவதி டிபன் பையை ஆணியில் மாட்டினாள். கட்டிலில் கிடந்த ஹாரத்தைப் பார்த்தாள். "எட்த்துகினு போயி உரசிட்டீங்களா?"

"எங்க அசலு?"

"வித்துட்டேன். நீங்க ரோட்டு மேல கீற கடைசி நெலத்த வித்தீங்களே, அப்பவே. நீங்க நெலத்த வித்து காரு வாங்கனீங்க. நான் ஹாரத்த வித்து நெலம் வாங்கனேன். பெருநகர்ல எங்கம்மா வூட்டுப் பக்கம். கம்பெனி சம்பளத்துல மிச்சம் புட்ச்சி, போன வருசம் பக்கத்துலயே இன்னும் கொஞ்சம் சேத்தேன்."

"யாரக் கேட்டு வித்த?"

"நீங்க யாரக் கேட்டு வித்தீங்க?"

வெளியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்: "ரத்தினம்! சீரியல் செட்டு எங்க மாட்றது?" அவன் கதவை அரையடி திறந்து, பல் தெரியச் சிரித்து, "தூணு நாலுத்துலயும் சுத்துபா, சோக்கா இருக்கணும்!" என்றான். கதவைச் சாத்தியதும் அந்தச் சிரிப்பைக் கழற்றினான்.

"பாக்கறவன் இன்னாடி சொல்வான்?"

"மூணு வருசமா பாத்துகினுதான கீறாங்க? எவனாவது கண்டுபுட்ச்சானா? நீங்களே கண்டுபுடிக்கல. காஞ்சிபுரத்துல அதே மாறி பண்ணி வாங்கனேன். ஒங்களுக்கு நான் போட்டுக்கினு நிக்கணும், அவ்ளோதான? நின்னேன்."

"அந்த பத்திரத்த குடு. நாளைக்கு வெச்சி…"

"செத்தாலும் குடுக்க மாட்டேன்." இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. கத்தி விடுவாளோ என்று அவன் பயந்துபோனான். ஊர் கேட்டுவிடும். ஹாரம் கவரிங் என்று வெளியே தெரிந்தால், ரத்தினம் என்கிற ஆளே கவரிங் என்று ஆகிவிடும். அவளை ஒரு வார்த்தை உரக்கத் திட்டக்கூட வழியில்லாமல் அவன் தன் பேனருக்குள்ளேயே மாட்டிக்கொண்டான்.

என் பக்கம் திரும்பினான். "எக்கா, நீயாவது குடேன்."

"சோறும் சாம்பாரும் போட்டு அனுப்பறதுன்னா குடுக்கறேன். டிரோனுக்கும் செண்டைக்கும் ஒரு பைசா தர மாட்டேன்."

"சோறும் சாம்பாரா? அதுக்கு நான் தூக்குல தொங்கலாம்."

அரை மணி நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வரும்போது யாருடைய பைக்கிலோ பின்னால் உட்கார்ந்து வந்தான். "காரு சர்வீஸுக்கு வுட்டுகீறேன்," என்று பந்தலில் இருந்தவர்களிடம், யாரும் கேட்காமலே சொன்னான். தவணை முடியாத காரைச் சமையல்காரரின் சினேகிதர் ஒருவரிடம் அடமானமாக விட்டுப் பணம் வாங்கியிருக்கிறான் என்று ரேவதி எனக்குச் சொன்னாள். அவள் அப்போது பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

6

விழா நடந்தது. ராஜா ராணி நாற்காலியில் எங்களை உட்காரவைத்தார்கள். புகை விட்டார்கள். டிரோன் தலைக்கு மேலே வண்டாகச் சுற்றி, தயாளனின் வழுக்கையைத் திரை முழுக்கக் காட்டியது. பதினெட்டு வகை இலையில் விழுந்தது. பாதியைச் சனங்கள் தொடாமல் மூடினார்கள். வந்தவர்கள் என் சங்கிலியை முதலில் பார்த்தார்கள், பிறகு என் முகத்தை. ஒருத்தி இரக்கத்தோடு என் கையைப் பிடித்து, "அங்க ரொம்ப கஸ்டமாம்மா?" என்று கேட்டாள். என் வீடுகளின் நினைவு வந்தது. "ஆமாம்மா, குளிரு," என்றேன்.

ரேவதி அந்த ஹாரத்தோடுதான் நின்றாள். பெரியம்மா ஒருத்தி அதைக் கையில் ஏந்திப் பார்த்து, "சோக்கா கீதே! எத்தினி சவரன் ரத்தினம்?" என்றாள்.

ரத்தினம் ரேவதியைப் பார்த்தான். ரேவதி அவனைப் பார்த்தாள். அவள் உதவவில்லை, அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

"இருவது," என்றான் என் தம்பி. பிறகு அவனால் அடக்க முடியவில்லை. "கல்லு தனி."

மொய் அவன் நினைத்ததில் பாதிகூட வரவில்லை. காரணத்தை ஏகாம்பரமே சாப்பிட்டுக் கை கழுவும்போது தயாளனிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். மொய் என்றால் திரும்பி வர வேண்டும். விசேஷம் ஜெர்மனிக்காரர்கள் பேரில். நாளைக்கு ஊர்க்காரர்கள் வீட்டுக் காதுகுத்துக்கு ஜெர்மனியிலிருந்து யார் வந்து எழுதப் போகிறார்கள்? அதனால் எல்லாரும் சும்மா பேருக்கு எழுதிவிட்டு, ஐஸ்கிரீமை இரண்டு முறை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு மாடி உயரத்துக்குப் பேனர் வைத்த மூளைக்கு இது மட்டும் தோன்றவில்லை.

ஆனால், ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செண்டை மேளத்துக்கு இனியாவும் அவள் மாமாவும் ஆடினார்கள். காரும் போய், கௌரவமும் நூலில் தொங்க, அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்படி ஆடினான். இனியா மூச்சு வாங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் எங்கள் வீட்டில் கேட்டு வெகுகாலமாகிறது.

7

திங்கட்கிழமை ரேவதி லீவு போட்டு, தன் ஸ்கூட்டியில் என்னைப் பெருநகருக்கு அழைத்துப் போனாள். வாய்க்காலை ஒட்டிய நிலம். வெண்டை காய்த்திருந்தது. அவள் அம்மா பார்த்துக்கொள்கிறாளாம். காயை விற்ற பணம் ரேவதி கணக்குக்குப் போகிறது. பட்டா ரேவதி பேரில். வரப்பில் நடந்துகொண்டே முற்றிய காய்களைக் கிள்ளி எறிந்தாள்.

எனக்குப் பொங்கி வந்தது. "இவ்ளோ அறிவு கீற நீ, அவன எப்டி ரேவதி சகிச்சிக்கிற? வெறும் வேஷம் அவன். ஒரு காசுக்கு பெறாதவன்."

அவளுக்கு முகம் மாறியது. "என்கிட்ட சொல்லாதீங்க அண்ணி. நான் திட்டுவேன். நீங்க திட்டக் கூடாது."

கொஞ்ச தூரம் போனதும் அவளே பேசினாள். "அவுரு இருந்தா வூடு கலகலன்னு கீது. எங்கப்பா வூட்ல எல்லாரும் பேசாம துன்னுட்டு படுப்போம். துட்ட நான் பாத்துக்கறேன். அவுரு சிரிச்சிகினு இருக்கட்டும். ஒங்க வூட்ல யாரு அண்ணி சிரிப்பாங்க?"

நான் வெண்டைச் செடியைப் பார்த்தேன். தயாளன் எப்போதாவது, தொலைக்காட்சியில் ஏதாவது வந்தால் சிரிப்பார்.

கிளம்புகிற நாள் வந்தது. மீட்கப் பணம் இல்லாததால் கார் வரவில்லை. வாடகைக் கார் பேசுகிறேன் என்று தயாளன் சொன்னதை ரத்தினம் காதில் வாங்கவில்லை. எங்கள் பெரிய பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான். பஸ் நிறுத்தத்தில் பாதி ஊர் நின்றிருந்தது. இவன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வான் என்று பார்க்க எனக்கு ஆசையாகவே இருந்தது; அதை மறைக்கவில்லை.

"இன்னா ரத்தினம், காரு இன்னா ஆச்சி? பஸ்ல ஏத்தறே?" என்று ஒருவர் கேட்டார்.

ரத்தினம் பெட்டியை இறக்கி, வேர்வையைத் துடைத்து, சுற்றி நிற்கிறவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தினான்.

"காரா? இன்னாத்துக்குபா காரு? எங்கக்கா ஜெர்மனில எவ்ளோ பெரிய ஆளு, அதுவே பஸ்லயும் சைக்கிள்லயும்தான் போவுது! அதான் நானும் வுட்டுட்டேன். நம்ம சனங்க வெட்டி பந்தாலயே அயிஞ்சி போவுது. மனுசன்னா சிக்கனம் வோணும்பா, சிக்கனம்!"

கேட்டவர் மரியாதையோடு தலையாட்டினார். இன்னும் இரண்டு பேர் கிட்டே வந்தார்கள். ரத்தினத்துக்குக் கை வீச இடம் கிடைத்தது. இனியா அவனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

ரேவதி ஜன்னல் வழியாக என் பையை உள்ளே தள்ளினாள். அவன் பக்கம் பார்க்காமல், உதட்டை அசைக்காமல் சொன்னாள்:

"கேட்டீங்களா அண்ணி? நாம பண்ணா கஞ்சத்தனம். அவுரு பண்ணா கொள்கை."